சொல்லி முடிக்கும் வரை

எங்கள் டயர் தொழிற்சாலைக்கு ரப்பர் விற்க வருகிறவர்கள் கீழே வரவேற்பறையில் உட்கார்ந்து முதலில் ஒரு முறை தண்ணீர் குடிப்பார்கள். மாடியேறி வந்து எங்கள் பிரிவின் வாசலில் இன்னொரு முறை குடிப்பார்கள். உள்ளே மேடம் இருப்பார். கொள்முதல் பிரிவின் தலைவர். ரப்பரோ கம்பியோ கரித்தூளோ, தொழிற்சாலைக்குள் நுழைகிற எந்தப் பொருளும் அவருடைய வாயைத் தாண்டித்தான் நுழைய வேண்டும்.

அவர் கோபக்காரர் இல்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. ஆனால் எதிரில் இருப்பவரைப் பேசி முடிக்க விடமாட்டார். வந்தவர், "இந்த வருஷம் மழை அதிகம், அதனால..." என்று இழுத்தால், "அதனால வரத்து கம்மி, வரத்து கம்மியானதால விலை ஜாஸ்தி. சரி, அடுத்த காரணம் என்ன?" என்பார். வாக்கியத்தின் மீதிப் பாதியை அவரே சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். மேடத்துக்கு முன்னால் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை கொண்டுபோன ஆள் இன்னும் பிறக்கவில்லை என்று டீ குடிக்கும் இடத்தில் சொல்லிச் சிரிப்போம். அவருக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்தவன் நான். என் கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனபோது "சார், வர்ற மாசம்..." என்றுதான் ஆரம்பித்தேன். "கல்யாணமா? பத்து நாள் எடுத்துக்குங்க, வாழ்த்துக்கள்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பதற்றத்தில் மேடத்தை 'சார்' என்று கூப்பிட்டதைக்கூடத் திருத்தவில்லை. அதற்கும் நேரமில்லை அவருக்கு.

அப்படிப்பட்டவரின் பேச்சையே வெட்டக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். அவருடைய அண்ணன்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். இரண்டு கார், ஒரு மாடி அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள் அச்சிட்ட படங்கள். கார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னபோது மேடம்தான் அங்கே அனுப்பினார். "எங்கண்ணன்கிட்ட போங்க. காரும் கத்துக்கலாம், காதுக்கும் வேலை இருக்கும்" என்றார். உண்மைதான். வண்டியில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்கும் வரை அண்ணனின் வாய் ஓயாது. "ஸ்டியரிங்கைப் புடிங்க தம்பி, கழுத்தை நெரிக்காதீங்க. அது உங்களுக்குக் கடன் குடுத்தவன் இல்ல." "கிளட்ச் மேல பூ மாதிரி கால வைக்கச் சொன்னேன். பூசணிக்காய் மாதிரி வைக்கச் சொல்லல." சிரிப்பில் கை நடுங்கி, அதற்கும் திட்டு வாங்குவோம்.

அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட்டதால், தங்கையைப் படிக்க வைத்தவர் அண்ணன்தான். அவர் அவளைக் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையின் வீட்டுக்கு வந்து, மேடம் துணி தேய்த்துக்கொண்டிருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த வாரம் வந்த மாணவர்களைப் போலவே நடித்துக் காட்டுவார். மேடம் பதில் பேச்சு பேசாமல் சிரிப்பது வாரத்தில் அந்த ஒரு நேரம்தான் என்று அவருடைய கணவர் சொல்வார்.

மேடத்துக்குப் பதவி உயர்வு வந்தது அந்த வருஷம். நிறுவனத்தின் துணைத் தலைவர். அந்த நாற்காலிக்கு இதற்கு முன் ஒரு பெண் வந்ததில்லை. கேக் வெட்டினோம், மாலை போட்டோம். புது அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று கேட்க ஒருவர் வந்தார். அவர் கேள்வியை முடிப்பதற்குள் மேடம் நிறத்தைச் சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணனுக்கு அது நடந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தது கல்லூரிப் பெண் ஒருத்தி. வழக்கம்போல ஏதோ கிண்டலாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், "அப்புறம்..." என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. "அப்புறம்... அப்புறம்..." அந்தப் பெண் அவர் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தபோது அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அந்த நிலையிலும் தன் பக்கம் இருந்த பிரேக்கை அவர் மிதித்துவிட்டார். வண்டி ஓரமாக நின்றது. அதற்குப் பிறகுதான் கதவின் மேல் சாய்ந்தார்.

உயிர் பிழைத்தார். வலது கையிலும் காலிலும் பாதி அசைவு திரும்பியது. தடி ஊன்றி நடக்க முடிந்தது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அது 'அப்புறம்'. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். பேரனைப் பார்த்துக் கொஞ்சுவதும் அதே வார்த்தையில்தான். ராகம் மட்டும் மாறும்.

"அவருக்கு எல்லாம் புரியுது" என்றார் டாக்டர். "சொல்ல நினைக்கிறதும் உள்ளயே இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைஞ்சுபோச்சு."

மேடம் இதையும் ஒரு வேலையாகத்தான் எடுத்துக்கொண்டார். யார் யாரிடமோ விசாரித்து, நல்ல பேச்சுப் பயிற்சியாளர் இருக்கும் மருத்துவமனையைக் கண்டுபிடித்தார். அந்தப் பயிற்சியாளர் சின்ன வயசுப் பெண். கண்ணாடி போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். முதல் நாளே மேடம் கேட்டார்:

"எப்பச் சரியாகும்னு ஒரு தேதி சொல்லுங்க."

"தேதி சொல்ல முடியாதுங்க மேடம்."

"தோராயமா?"

"தோராயமாவும் முடியாதுங்க."

வாழ்க்கையில் தேதி கொடுக்காத ஆளை மேடம் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். "என்னால அவளை ஒண்ணுமே பண்ண முடியல. அவ பொய் சொல்லல, அதுதான் பிரச்சினை" என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

பயிற்சி அறைக்கு வெளியே ஒரு நீளமான நடைபாதை. இரும்பு நாற்காலிகள் வரிசையாகச் சுவரோடு பிணைத்திருக்கும். அதில் பேச்சு போனவர்களும் அவர்களுக்காகப் பேச வந்தவர்களும் மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் உள்ளே இருக்கும் நேரத்தில் மேடம் அங்கே உட்கார்ந்து ஆபீஸ் மெயில்களுக்குப் பதில் எழுதுவார். பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரும் அவருடைய மனைவியும் இருப்பார்கள். யார் கண்டக்டரைப் பார்த்து என்ன கேட்டாலும் மனைவிதான் பதில் சொல்வார். "சாப்டீங்களா?" "சாப்டாருங்க." "தூக்கம் வருதா?" "எங்கங்க, புரண்டு புரண்டு படுக்கிறாரு." கண்டக்டரின் வாய் திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும்.

ஒருநாள் அந்த அம்மா மருந்து வாங்கப் போயிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று மேடம் கேட்டார்: "எந்த ரூட் பஸ்ல இருந்தீங்க?"

கண்டக்டரின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மேடம் வழக்கம்போல தானே ஒரு பதிலைச் சொல்லப் போனார். அதற்குள் போன் அடித்தது. அதைத் துண்டித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அந்த மனிதர் இன்னும் முயன்றுகொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தொடையின் மேல் விரல்கள் டிக்கெட் கிழிப்பதுபோல அசைந்தன. மேடம் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தார். "சும்மா இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நாக்கு தவிக்குது" என்று பின்னால் சொன்னார். யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. அதன் பிறகு வந்தது.

"ப... பதி... பதினே... பதினேழு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மேடம் தன்னை அறியாமல் கைதட்டிவிட்டார். மருந்தோடு திரும்பிய அந்த அம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஆமாங்க, பதினேழுதான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். துணைத் தலைவர் அறை, புதுத் திரைச்சீலை, மேஜையின் மேல் கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதங்கள். "இத்தனை வருஷத்துல இங்க நான் வாங்காததா? ஆனா ஒரு ஆள்கிட்டேந்து ஒரு வார்த்தையை இப்படி வாங்குனதே இல்ல" என்றார். முகத்தில் ஒரு பிரகாசம். நான் 'சரிங்க மேடம்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு என்ன ஆகிவிட்டது என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

கொஞ்ச நாளில் அண்ணனின் டிரைவிங் ஸ்கூல் மாடி அறையில் மேடம் சனிக்கிழமை காலையில் பேச்சு போனவர்களைக் கூட்டி உட்கார வைக்க ஆரம்பித்தார். அண்ணி சாவியைக் கொடுத்தார். பயிற்சியாளர் முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டார். "இதை வைத்தியம்னு சொல்லாதீங்க மேடம். பேசுறதுக்கு ஒரு இடம், அவ்வளவுதான். அவங்க சொல்ல வர்றதை நீங்க முடிக்காதீங்க. புரியலைன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க." எப்போதாவது அவரே வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டும் போவார்.

கண்டக்டர் வந்தார். ஸ்கூல் டீச்சர் ஒருவர் வந்தார். 'ஆமா', 'இல்ல' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லித் தானே தலையில் அடித்துக்கொள்வார். இன்னும் சிலரும் வந்தார்கள். கூட வந்த மனைவிமார், கணவன்மார், பிள்ளைகள் எல்லோரும் பின் பெஞ்சில் உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் அங்கே பெரும்பாடு. கண்டக்டரின் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் அண்ணன், பாடம் நடத்தும் தன் பழைய நாற்காலியில். ஆரம்பத்தில் அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். ஒருவர் சொல்லி முடித்ததும் இடது கையால் அடுத்தவரைக் காட்டி, "அப்புறம்?" என்பார். அந்த இடத்தில் அது கச்சிதமாகப் பொருந்தியது. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நான் நாற்காலி எடுத்துப் போடப் போவேன். அந்த நாட்களில் மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விலை பேசி ஜெயித்த நாளில்கூட அவர் அப்படி இருந்ததில்லை.

ஆபீஸில் இதன் விளைவு வேறு மாதிரி தெரிந்தது. மீட்டிங்குகளில் அவர் காத்திருக்க ஆரம்பித்தார். எதிரில் இருப்பவர் பேசிவிட்டு நிறுத்தினால் மேடமும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னும் ஏதாவது வருமோ என்று. ரப்பர்காரர் ஒருவர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தன் விலையைத் தானே குறைத்துவிட்டுப் போனார். நாங்கள் வெளியில் வந்து விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. புதுப் பதவிக்கு வெளியூர்ப் பயணம் நிறைய. சனிக்கிழமை காலையென்றால் மேடம் எங்கேயும் நகர மாட்டேன் என்கிறார். கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்க."

மேடம் சொல்ல முயன்றார். அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நடைபாதை, இரும்பு நாற்காலி, பதினேழு என்ற எண், இதையெல்லாம் அந்த அறையில் எப்படிச் சொல்வது? "எனக்கு..." என்றார், "எனக்கு அங்க..."

"ரெஸ்ட் வேணும். அதானே? ஒரு மாசம் எடுத்துக்குங்க" என்று முதலாளி முடித்துவிட்டார்.

அந்த மாத முடிவிலேயே மேடம் வேலையை விட்டார்.

வீட்டில் பெரிய சண்டையெல்லாம் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை என்று அவர் ஒருமுறை சொன்னார். கணவர் கேட்டது இவ்வளவுதான்: "உங்கண்ணனுக்காக ஒரு வருஷம் லீவு போடு. நான் வேணாம்னு சொல்லல. வேலையை எதுக்கு விடற?"

"அண்ணனுக்காக மட்டும் இல்ல."

"பின்ன?"

"எனக்குப் புடிச்சிருக்கு."

திருடி மாட்டிக்கொண்டவள் சொல்வது மாதிரி அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது என்றார் மேடம். கணவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள்தான் விடவில்லை.

"ஃப்ரெண்ட்ஸ் கேட்டா நான் என்னம்மா சொல்றது? எங்கம்மா வைஸ் பிரசிடென்ட்டா இருந்தாங்க, இப்ப...?"

"பேச முடியாதவங்க கூட உக்காந்திருக்காங்கன்னு சொல்லு."

"உக்காந்து?"

"அவங்க சொல்ற வரைக்கும் காத்திருக்காங்கன்னு சொல்லு."

"அது ஒரு வேலையாம்மா?"

மேடத்துக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார்.

சனிக்கிழமை போதாமல் செவ்வாயும் சேர்ந்தது, பிறகு வியாழன். டீச்சர் தன் மாணவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு வந்தார், கிணற்றில் விழுந்த பாத்திரங்களைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பதுபோல. கண்டக்டருக்கு இரண்டு வார்த்தை சேர்ந்து வர ஆரம்பித்தது, பிறகு மூன்று. அண்ணனுக்கு மட்டும் அந்த ஒன்றைத் தாண்டி எதுவும் வரவில்லை.

பயிற்சியாளர் ஒருநாள் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், அவருக்கு இதுக்கு மேல வராமலே போகலாம். அடி பட்ட இடம் பெருசு. அவர் முயற்சி பண்ணலைன்னோ நீங்க சரியாப் பண்ணலைன்னோ அர்த்தம் இல்ல."

"இன்னும் கொஞ்சம் நேரம் கூட உக்காந்தா?"

"உக்காருங்க. ஆனா அதுக்காக வரும்னு நினைச்சு உக்காராதீங்க."

இதை மேடம் அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவருக்குத்தான் எல்லாம் புரிகிறதே. தன் கண்முன்னே, தன் அறையில், தன் பெஞ்சுகளில் உட்கார்ந்து ஒவ்வொருவராக வார்த்தைகளைத் திரும்பப் பெறுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்தவரைக் காட்டிக் கேட்கும் அந்த "அப்புறம்?" மெல்ல மெல்லக் குறைந்தது.

அன்று நானும் அங்கே இருந்தேன். கண்டக்டர் எழுந்து நின்றார். உட்கார்ந்தே சொல்லலாம் என்று மேடம் சைகை காட்டியும் கேட்கவில்லை.

"நேத்து... பேத்தி கேட்டா. தாத்தா... கதை சொல்லுன்னா." நிறுத்தினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "சொன்னேன். முழுசா... சொன்னேன்."

அறையே கைதட்டியது. பின் பெஞ்சிலிருந்து கண்டக்டரின் மனைவி சட்டத்தை மீறி ஓடிவந்தார். மேடம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் தற்செயலாகத் திரும்பினேன். அண்ணன் தன் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் தடியை ஊன்றி எழுந்தார். கைதட்டல் நின்றது. அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மேடம் திரும்பி, முகத்தில் அத்தனை ஆசையோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் வாயைத் திறந்தார். உதடு வேறு ஏதோ ஓர் எழுத்துக்காகக் குவிந்தது. அதைப் பார்க்க முடிந்தது. ஆனால் வந்தது, "அப்புறம்."

யாரும் பேசவில்லை. அந்த அறையின் சட்டம் அது. அவர் மறுபடியும் முயன்றார். "அப்புறம்... அப்புறம்..." நாங்கள் காத்திருந்தோம். பின் பெஞ்சுக்காரர்களும் காத்திருந்தார்கள். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. யாராவது ஏதாவது பேசிவிட மாட்டார்களா, வெளியில் ஒரு வண்டியாவது ஹாரன் அடிக்காதா என்று எனக்கு இருந்தது. அத்தனை பேர் மரியாதையாக, பொறுமையாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதைவிடக் கொடுமையை நான் பார்த்ததில்லை. அவர் முகம் சிவந்து, கண் கலங்கி, கடைசியில் தடியை ஓங்கி மேஜையின் மேல் அடித்தார். சாக்பீஸ் டப்பா கீழே விழுந்து சிதறியது. படியை நோக்கி நடந்தார்.

"அண்ணா, மெதுவா, நான் வர்றேன்" என்று மேடம் ஓடினார். படியில் அவர் கையைப் பிடிக்கப் போனார். அண்ணன் கையை உதறிவிட்டு, கைப்பிடிச் சுவரில் உடம்பைச் சாய்த்து, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கினார்.

அதோடு சரி. அவர் பிறகு அங்கே வரவில்லை.

அண்ணி கெட்ட மனசுக்காரர் இல்லை. மேடம் வீட்டுக்குப் போனபோது நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் சொன்னார். "நான் தப்பா சொல்றேன்னு நினைக்காதம்மா. அவருக்காகத்தானே இதை ஆரம்பிச்ச? இப்ப அவரைத் தவிர எல்லாருக்கும் நடக்குது."

மேடம் எழுந்து உள்ளே போனார். அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, உனக்குக் கஷ்டமா இருந்தா நான் அதை நிறுத்திடறேன். நிறுத்திடட்டுமா?"

அவர் திரும்பவில்லை. மேடம் காத்திருந்தார். காத்திருப்பது ஒன்றுதானே அவருக்குத் தெரிந்த வித்தை. வெகுநேரம் கழித்து, ராகமே இல்லாமல் ஒரு 'அப்புறம்' வந்தது.

"அதுக்கு என்ன அர்த்தம்னு எடுத்துக்கறது, சொல்லுங்க?" என்று என்னிடம் கேட்டார். "அப்புறம் பேசிக்கலாம்னு சொன்னானா? நிறுத்திட்டு அப்புறம் என்ன பண்ணப்போறன்னு கேட்டானா? எழுந்து போன்னு சொன்னானா? ஊர்ல எல்லாரோட வார்த்தையும் எனக்குப் புரியுது. எங்கண்ணனோடது புரியல." எங்கள் முன்னால் டீ ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

அவர் நிறுத்தத்தான் செய்தார். அறை பூட்டியே கிடந்தது. வேலையும் இல்லை, இதுவும் இல்லை. வீட்டில் அலமாரிகளை எல்லாம் காலி செய்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய முதலாளி ஆள் விட்டு, திரும்ப வருகிறீர்களா என்று கேட்டுப் பார்த்தார். கணவரும் அதை மெல்ல எடுத்துச் சொன்னார். மேடம் ஒருநாள் ஆபீஸ் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

கண்டக்டரும் மனைவியும் ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி, "அது வந்துங்க, இவர் என்ன சொல்ல வர்றாருன்னா..." என்று ஆரம்பித்தார். கண்டக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"நீங்க... வரல" என்றார் மேடத்தைப் பார்த்து. "நான்... யார்கிட்ட... பேசறது?"

அடுத்த சனிக்கிழமை அறை திறந்தது. தைரியம் வந்தோ, அண்ணனின் மனசு இளகும் என்று நம்பியோ திறக்கவில்லை. "என்னால போகாம இருக்க முடியல. அதுதான் உண்மை. அவன் முகத்தை நினைச்சா போகக்கூடாதுன்னு இருக்கு. கால் அங்கதான் போகுது" என்றார்.

அதன் பிறகு அண்ணனின் மகன் அண்ணனையும் அண்ணியையும் தன்னோடு அழைத்துக்கொண்டான். அவனுக்கு வேலை தூரத்து நகரத்தில். டிரைவிங் ஸ்கூல் கார்களை விற்றார்கள். மாடி அறையைக் கட்டட உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். "என்னம்மா பண்றது, வச்சுக்கிட்டு இருக்க முடியாதே" என்று அண்ணி வருத்தப்பட்டார். சுவரில் இருந்த படங்களை மேடம் தன் கையாலேயே கழற்றிச் சுருட்டினார்.

புறப்படும் அன்று காரின் முன் சீட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேடம் கதவைத் திறந்து, குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். அவர் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை, பார்க்கவும் இல்லை. மேடம் கதவைச் சாத்தினார். "பெல்ட் போட விட்டான்" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ அதில் ஒரு சேதி இருப்பதுபோல.

இப்போது கூட்டம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் பின்பக்க அறையில் நடக்கிறது. ஜன்னல் சின்னது, புழுக்கம் அதிகம். டீச்சர் இப்போது வருவதில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. புதிதாக மூன்று நான்கு பேர் வருகிறார்கள். பயிற்சியாளர் சொல்லி, மேடம் அதற்கான ஒரு சின்னப் படிப்பிலும் சேர்ந்திருக்கிறார். வகுப்பில் எல்லோரும் மகள் வயசுக்காரர்கள். தேர்வில் ஒரு பாடம் போய்விட்டது என்று சிரிக்காமல் சொன்னார். வீட்டில் கணவர் இப்போதெல்லாம் சனிக்கிழமை காலை உணவைத் தானே எடுத்து வைத்துக்கொள்கிறார். அது சம்மதமா சலிப்பா என்று மேடம் கேட்டுப் பார்க்கவில்லை.

போன வாரம் நான் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். மேடம் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். ஏனோ இப்போதெல்லாம் அப்படித்தான் பேசுகிறார்.

"பிள்ளைங்க எல்லாம் வெளிய போயிருக்காங்க. அவர் தூங்கறாரும்மா" என்றது அண்ணியின் குரல்.

அந்தக் குரலுக்குப் பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ செய்தி வாசித்தார்கள். பட்டென்று அது பாட்டாக மாறியது. பாட்டு போய் விளையாட்டு வர்ணனை வந்தது. பிறகு மறுபடியும் செய்தி.

"சரி அண்ணி" என்றார் மேடம். "எழுந்ததும் நான் கேட்டேன்னு சொல்லுங்க."

போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தார். வெளியில் யாரோ கம்பளியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பி, மூலையில் கிடந்த பெஞ்சை இழுக்க ஆரம்பித்தார். நான் பெஞ்சின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.